பார்சல்களைப் பிரித்துச் சஹனில் கொட்டிய பகல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பாடசாலை விடுமுறையில் நடந்தது இது. இடம், தம்புள்ளைப் பக்கம் உள்ள ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா. நாங்கள் உக்குவளைக்காரர்கள். மாத்தளையைத் தாண்டி நாலந்த, நாவுல என்று ஒரே வீதியில் போய்க்கொண்டிருந்தால் தம்புள்ளை வந்துவிடும். அங்கே சறுக்குக் குழாய்களும், அலை அடிக்கும் குளமும், சின்ன ரயிலும் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் பெரியவர்களின் காதைத் தின்றுவிட்டார்கள். கடைசியில் மூன்று குடும்பங்களும் சேர்ந்து ஒரு வான் பிடித்து, பக்கத்திலேயே ஒரு வீட்டை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்துப் போவது என்று முடிவானது.

மூன்று குடும்பம் என்றால், நானும் கணவரும் எங்கள் ஒரே மகளும். கணவரின் மூத்த சகோதரி குடும்பம். கணவரின் தம்பி குடும்பம். மொத்தம் பன்னிரண்டு பேர்.

நான் ஒரு பாடசாலையில் ஆசிரியை. வருடா வருடம் நேரசூசி போடுகிற வேலை என் தலையில்தான் விழும். இரண்டு வகுப்புக்கு ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் போய் நிற்காமல், விளையாட்டுப் பாடம் உச்சி வெயிலில் வராமல், யாரும் யாரோடும் மோதாமல் நாற்பது நிமிடங்களை அடுக்குவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே பயணத்துக்கும் யாரும் கேட்காமலே நான் ஒரு நேரசூசி போட்டேன். மூன்று நாளுக்கும் எத்தனை மணிக்கு எழும்புவது, எங்கே நிறுத்துவது, என்ன சாப்பிடுவது, எந்த நேரம் எந்தக் குளம் என்று கோடு போட்ட தாளில் எழுதி, பிரதி எடுத்து, குடும்பத்துக்கு ஒன்று கொடுத்தேன்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு இடியப்பம், பருப்பு, கட்டைச் சம்பல். பத்து மணிக்கு எல்லோருக்கும் பிளேன்டீயும் பிஸ்கட்டும். பன்னிரண்டரைக்குப் பகல் சாப்பாடு. நாலு மணிக்கு அவித்த கடலை. ராத்திரிக்கு ரொட்டியும் கோழிக் கறியும். இதில் ஒரு நேரம்கூட முன்னே பின்னே போகக் கூடாது என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்து என் கணவர், "நீங்க சொர்க்கத்துக்குப் போனாலும் மலக்குமாருக்கு நேரசூசி போட்டுத்தான் குடுப்பீங்க" என்று வானவர்களையும் வம்புக்கு இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தத் தாளில் எழுதாத ஒரு விஷயம் இருந்தது. அது எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்கு எட்டு மாதம் முன்பு, மகளுக்குப் பத்து வயது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள். ராவெல்லாம் எழும்பி எழும்பிப் போனாள். சட்டை தோளில் தொங்குகிற அளவுக்கு இளைத்துப் போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, பிள்ளைக்குச் சீனி வருத்தம், இனி வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசி வேண்டும் என்றார்கள். சீனி வருத்தம் வயசானவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த படித்த முட்டாள் நான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து அழுத அழுகைக்கு அளவில்லை. சொந்தக்காரர்களுக்கு, "கடும் காய்ச்சல், அதான் வார்ட்டில வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டோம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். என் கணவரின் அந்த மூத்த சகோதரி, எனக்கு மதினி. மனசு பெரிசு, அதைவிடக் குரல் பெரிசு. மகளுக்கு வருத்தம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தூரத்தில் நின்ற ஒரு பிள்ளையைக் காட்டி, "பாவம், அந்தப் புள்ளக்கி சீனியாம். ஆரு கலியாணம் முடிக்கப் போறாங்க?" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார். அந்த ஒற்றை வசனம் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. என் பிள்ளையைப் பற்றி யாரும் அப்படி விரல் நீட்டிப் பேசக் கூடாது என்று வைராக்கியம் வந்தது. கணவர் பல தடவை, "நம்மட ஆக்கள்தானே, சொல்லிடுவோமே" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நான் அவர் வாயை மூடினேன்.

எட்டு மாதமாக எத்தனை பொய். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பம் கொடுத்தால் வயிற்றில் பூச்சி. கேக் கொடுத்தால் பல் வைத்தியர் வேண்டாமென்றார். விருந்துகளில் சஹனில் உட்கார வைக்காமல் அவளுக்குத் தனிக் கோப்பையில் சோறு. எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் விருந்தென்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக அள்ளிச் சாப்பிடுவோம். அதில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அதன் அழகே. ஆனால் என் மகளுக்கு எத்தனை கப் சோறோ அதற்கேற்பத்தான் ஊசி. குறைத்துச் சாப்பிட்டால் உடம்பில் சீனி தடதடவென்று இறங்கிவிடும். அதனால் சஹன் எங்களுக்குத் தடை. இப்படி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது புரிந்திருக்கும், அந்த நேரசூசி யாருக்காகப் போட்டது என்று. பத்து மணிப் பிஸ்கட்டும் நாலு மணிக் கடலையும் அவளுக்காக. மற்றப் பதினொரு பேரும் துணைக்குச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால், "எல்லோரும் கைகால் கழுவும் நேரம்" என்று இருபது நிமிடம் விட்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் குளியலறைக்குள் வைத்து ஊசி. பகல் சோற்றையும் பார்சல்களாகக் கட்டினேன். பன்னிரண்டு பார்சல். ஒருத்தருக்கு ஒன்று. மகளின் பார்சலில் மட்டும் அளந்து இரண்டு கப் சோறு. அடையாளத்துக்கு ஒரு மூலையை மடித்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் பகல் வரை எல்லாம் நிமிடம் பிசகாமல் நடந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. பூங்காவின் வாசலில் பைகளைச் சோதித்தார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு போகக் கூடாது என்பது அங்கே சட்டம். என் கைப்பையில் குளுக்கோஸ் பக்கெட்டும் இரண்டு பிஸ்கட் பக்கெட்டும் இருந்தன. காவலாளி நல்ல மனிதர். குளுக்கோஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாருக்காவது வருத்தமா நோனா? அப்படியென்றால் கொண்டு போங்க" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நோனா என்றால் அம்மா என்று மரியாதையாக அழைப்பது.

எனக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி மதினி நின்றார்.

"இல்லை, சும்மா கொண்டு வந்தது" என்றேன். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போய் வானில் வைத்துவிட்டு வந்தார். பரவாயில்லை, உள்ளே கடை இருக்குமே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பன்னிரண்டு பத்துக்குக் கைகால் கழுவும் நேரம். மகளைக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, இரண்டு கப் சோற்றுக்குரிய ஊசியைப் போட்டேன். பிறகு எல்லோரும் மறுபடி உள்ளே வருவதற்குக் கையில் முத்திரை குத்திக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தோம். மர நிழலில் பாய் விரித்தாயிற்று. நான் பார்சல்களை எடுக்கக் குனிந்தேன். மதினி வானின் பின்பக்கத்திலிருந்து மூன்று சஹன்களை இறக்கினார்.

"பயணம் வந்த எடத்துல ஆளுக்கொரு மூலையில பார்சல அவுத்துத் தின்னவா? எல்லாரும் ஒண்டா உக்காந்தாத்தான் அல்லாட பரக்கத்து எறங்கும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பார்சலைப் பிரித்துக் கொட்டிவிட்டார். கணவரின் தம்பி மனைவியும் சேர்ந்துகொண்டார். பன்னிரண்டும் பிரிந்தன. மூலை மடித்த பார்சல் எது, அதன் சோறு எந்தப் பக்கம் போனது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு சஹன், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மகள் என்னைப் பார்த்தாள். எட்டு மாதமாகச் சஹனில் உட்காராத பிள்ளை. "உம்மா, நானும் உக்காரட்டா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தனிக் கோப்பை கொடு என்று சொல்ல எனக்கு மனசும் வரவில்லை, சொல்வதற்கு ஒரு புதுப் பொய்யும் வரவில்லை. "உக்காருங்க. நல்லா அள்ளிச் சாப்பிடணும்" என்றேன்.

நான் பெண்கள் சஹனில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. கை தட்டுக்கும் வாய்க்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. முடிந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்றேன். "ஓ உம்மா" என்றாள். சஹன் துடைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மதினியின் மூன்று மகன்களும் சோற்றில் கை வைத்தால் ஐந்து நிமிடத்தில் சட்டி தெரியும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

ஒன்றேகாலுக்கு மறுபடி உள்ளே போனோம். ஆண்கள் பெரிய சறுக்கலுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஆழமில்லாத குளத்தில். நானும் மதினியும் குடைக்குக் கீழே வாங்கில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு முக்கால் மணி நேரம் போயிருக்கும். கணவரின் தம்பி மகள் தூரத்தில் என் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பைகளை வைத்துப் பூட்டும் லொக்கர் பக்கம் போவது தெரிந்தது. பிள்ளைக்குக் குளிர்கிறது, துவாய் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீரில் நனைந்த பிள்ளை நடுங்கினால் யாரும் குளிரென்றுதான் நினைப்பார்கள். ஈர உடம்பில் வியர்வை எங்கே தெரியப் போகிறது?

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், லொக்கர் கவுன்டரில் சாவி கொடுக்கிற பெண் வெளியே வந்து, என் மகளின் முன்னால் முழந்தாளிட்டு, அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. யாரோ ஒருத்தி என் பிள்ளையைப் பிடித்து ஏசுகிறாள் என்றுதான் நினைத்தேன். சண்டைக்குத் தயாராகவே போனேன். "பிள்ளையை விடுங்க, என்ன செய்தாள் என்று என்னிடம் சொல்லுங்க" என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டே போனேன். சண்டையென்றால் பின்னால் நிற்க வேண்டுமே என்று மதினியும் கூடவே வந்தார்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். மகளின் கண்ணையே பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தப் பிள்ளை இன்சுலின் போடுகிறதா?"

மகளின் முகம் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மதினி என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஒவ்" என்றேன். ஆமாம் என்பதற்குச் சிங்களச் சொல்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் கைகள் வேலை செய்த வேகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. கவுன்டருக்கு உள்ளே கை விட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். கரைத்த சீனித் தண்ணீர். முதலில் ஒரு சொட்டை மகளின் உதட்டில் வைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்தாள். விழுங்கினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அவசரப்படவே இல்லை. "இன்னும் ஒரு வாய், தங்கம், இன்னும் ஒரு வாய்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நேரசூசி போட்ட கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றேன். முதலுதவிக்கு ஆள் அனுப்பியதும் அவள்தான். பெரிய சறுக்கலிலிருந்து ஓடிவந்த கணவரிடம் சீனி பார்க்கும் கருவியை வானிலிருந்து எடுத்துவரச் சொன்னதும் அவள்தான்.

ஒரு பத்து நிமிடத்தில் மகளின் உதட்டுக்கு நிறம் வந்தது. "உம்மா" என்று கூப்பிட்டாள். நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலுதவித் தாதி வந்து பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சீனித் தண்ணீர் மட்டும் போதாது, பிள்ளை ஏதாவது சாப்பிட வேண்டும் என்று அந்தப் பெண் தன் சோற்றுப் பார்சலை எடுத்துப் பிரித்தாள். வேலைக்கு வந்தவள் தனக்குக் கொண்டுவந்த சாப்பாடு. எங்கள் முக்காடுகளைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே, "இறைச்சி ஒன்றும் இல்லை அக்கா. பருப்பும் போஞ்சியும்தான்" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது. மகள் பாதிச் சோறு சாப்பிட்டாள். அந்தப் பெண் தானே பிசைந்து கொடுத்தாள்.

அப்போதுதான் கவுன்டரின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு தாள் என் கண்ணில் பட்டது. கையெழுத்தில், சிங்களத்தில் எழுதியிருந்தது: 'எனக்கு மயக்கம் வந்தால் இந்தப் போத்தலில் உள்ளதைக் குடிக்கக் கொடுங்கள்.' அவளுக்கும் அதே வருத்தம். பன்னிரண்டு வயதிலிருந்தாம். "இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாவிட்டால் எனக்கு யார் தருவது?" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

என் பின்னால் நின்ற மதினி, அவருக்கே உரிய பாணியில், அவளைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, "நங்கி, கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாம் போல இருந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, சின்ன ரயில் ஓட்டிக்கொண்டிருந்த தொப்பிக்காரரைக் கையால் காட்டினாள். "அதோ அவர்தான். மகனுக்கு இரண்டு வயது." மதினி ரயிலையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் மகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்தார்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து, மகளைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நடுங்கத் தொடங்கின நேரமே உங்களுக்குத் தெரிஞ்சீக்குமே. ஏன் மகள் ஒத்தருக்கும் சொல்லல்ல?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் அதை அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"தெரிஞ்சிச்சி உம்மா. எல்லாரும் பக்கத்துல ஈந்தாங்க. நீங்கதானே ஒத்தருக்கும் சொல்ல வாணாம்ண்டு சொன்ன" என்றாள்.

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நான் சொன்னதைச் சரியாகச் செய்தேன் என்கிற குரல். ஒரு ஆசிரியைக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. சஹனில் எத்தனை பிடி சாப்பிட்டாய் என்று கேட்டேன். நாலு என்றாள். கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம், திரும்பிப் பார்த்தால் சோறு இல்லையாம். இன்னும் வேண்டும் என்று கேட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பேசாமல் எழும்பிவிட்டாளாம்.

கதவருகே மதினி நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தது, ஆனால் வேறு இடத்தில்.

"என்னைய ஆருண்டு நெனச்சீங்க? இது எண்ட தம்பிட புள்ள இல்லயா?" என்றார். குரல் உடைந்திருந்தது. நானும் அடக்க மாட்டாமல், அந்தக் கலியாண வீட்டில் அவர் சொன்ன வசனத்தைச் சொல்லிவிட்டேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எனக்கு நெனவே இல்லயே. வாய் ஈக்குண்டு எதையாச்சும் கதைச்சீப்பேன். அதையா இவ்வளவு நாளும் வெச்சிக்கிட்டு ஈந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார். மதினி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நன்றாக அழுதோம். மகள் எங்களைப் பார்த்து, "எனக்கு ஒண்டுமில்ல மாமி" என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்று பொழுதுபட்டதும் ரொட்டித் திட்டத்தைக் கைவிட்டு மதினி சோறு ஆக்கினார். சஹனில் சோற்றைக் குவித்துவிட்டு, "புள்ளக்கி எத்தன கப்?" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். நான் சொன்னேன். தேநீர்க் கப்பால் அளந்து, மகள் உட்காரும் பக்கத்தில் தனியாக வைத்து, சுற்றிலும் விரலால் ஒரு கோடு இழுத்தார். "சஹன்ல அவங்கவங்களுக்கு முன்னால ஈக்கிறதத்தான் சாப்பிடணும். அது நபி காட்டின சுன்னத்து. இது இவட பங்கு. இத முடிக்காம ஒத்தரும் எழும்ப ஏலா" என்று தன் மகன்களைப் பார்த்துச் சொன்னார். மூன்று தடியன்களும் தங்கள் பங்கை முடித்துவிட்டு, அவள் கடைசிப் பிடியை எடுக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எத்தனையோ மாதமாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கல், ஒரு தேநீர்க் கப்பாலும் ஒரு விரலாலும் தீர்ந்துபோனது. அதற்கு யாரும் எதையும் மறைக்கத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை மறுபடி பூங்காவுக்குப் போனோம். வாசலில் அதே காவலாளி. குளுக்கோஸ் பக்கெட்டை நானே எடுத்து நீட்டி, மகளுக்குச் சீனி வருத்தம் என்றேன். "இதை நேற்றே சொல்லியிருக்கலாமே நோனா" என்று சொல்லி உள்ளே விட்டார். வேறொன்றும் இல்லை. நான் அவ்வளவு பயந்த வசனம், சொல்லி முடிக்க மூன்று நொடிகூட எடுக்கவில்லை.

லொக்கர் பெண்ணுக்கு நன்றி சொல்ல மதினி முந்திக்கொண்டார். கையில் என்ன தெரியுமா, தான் வீட்டிலிருந்து செய்துவந்த வட்டிலப்பம், ஒரு முழுத் தட்டு. சீனி வருத்தக்காரிக்கு வட்டிலப்பம் கொண்டுபோன ஒரே ஆள் உலகத்தில் என் மதினியாகத்தான் இருக்கும். பாதி வழியில்தான் அவருக்கே உறைத்தது. நின்றுவிட்டார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு ஒரு சின்னத் துண்டு. மீதி ரயில்காரருக்கு" என்று வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேறென்ன இருந்தது? அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிங்களத்தில் எனக்குத் தெரிந்த நன்றிச் சொற்கள் எல்லாம் அந்த நேரம் போதாமல் போயின. அவளோ மகளிடம், "தலை சுற்றினால் யாரிடம் சொல்லுவாய்?" என்று கேட்டாள். "பக்கத்தில் யார் இருந்தாலும் அவரிடம்" என்று மகள் சொன்னதும்தான் கையை விட்டாள்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பயணம் போனால், அவளுக்கு முன்னால் மதினியின் மகன்கள்தான் குளுக்கோஸ் எடுத்தாயிற்றா என்று கேட்கிறார்கள். ஊரில் யாரும் விரல் நீட்டிப் பேசவில்லையா என்றால், பேசியிருப்பார்கள். எங்கள் காதில் விழுவதற்குள் மதினி அவர்களைக் கவனித்துக்கொள்கிறார்.

ஐந்து நேரத் தொழுகையிலும் அந்தப் பெண்ணுக்காகவும் அவள் சின்ன மகனுக்காகவும் துஆ கேட்கிறேன். அவள் என் மகளின் உயிரைக் காப்பாற்றினாள் என்று இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் துண்டை விட்டுவிட்டே சொல்லிவந்தேன். இங்கேயும் மேலே விட்டுவிட்டுத்தான் எழுதினேன். பிள்ளை இன்சுலின் போடுகிறதா என்று அவள் கேட்டதும் நான் உடனே ஒவ் என்று சொல்லவில்லை. முதலில் தலையைத் திருப்பி, மதினி எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று பார்த்தேன். பிள்ளை என் கண் முன்னால் மங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்தில், நான் ஊரைத்தான் பார்த்தேன். அந்தப் பெண் அதைக் கண்டாள். கண்டும் காணாதது போல இருந்தாள். இன்றுவரை அவளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனில் பாதி அதற்காகத்தான்.